நாள் குறிக்காத கட்டம்

அந்தக் கட்டம் காலியாக இருக்கவே முடியாது. இருக்க முடியாதபடி அதை அடைத்து வைத்ததே அவன்தான். தேதி இல்லாமல் எந்தப் பதிவு வந்தாலும் டேட்டாபேஸ் அதை வாசலிலேயே நிறுத்தி, சிவப்பு எழுத்தில் நாலு வார்த்தை திட்டித் திருப்பி அனுப்பிவிடும். அப்படியிருக்க, திரையின் கடைசி வரியில் ஒரு பதிவு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. கட்டடம் இருந்தது, லிஃப்ட் எண் இருந்தது, பார்க்கும் வேலை என்னவென்று இருந்தது. தேதி இருக்க வேண்டிய இடம் மட்டும் பல் விழுந்த இடம் மாதிரி வெறிச்சோடிக் கிடந்தது.

ஆபீஸில் அவனை எல்லாரும் ஒட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தப் புரோகிராம் எங்கே கிழிந்தாலும் அங்கே ஒரு ஒட்டுப் போட்டு, ஓடுதா, அவ்வளவுதான் என்று கையைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிற ஆள். ஏன் கிழிந்தது என்று பார்க்கிற பொறுமை அவனுக்குக் கிடையாது. மேனேஜருக்கும் கிடையாது, அதனால் இரண்டு பேருக்கும் ஏகப் பொருத்தம். லிஃப்ட் பராமரிக்கிற கம்பெனி அது. மெக்கானிக் வேலைக்கு இறங்கும் முன் தன் செல்போனில் ஒரு ஃபார்மை நிரப்பி அனுப்புவார். வேலை முடிந்ததும் அதிலேயே முடித்த தேதியைப் போடுவார். அந்தந்தக் கட்டடத்து வாட்ச்மேன் மேசையில் ஒரு சின்னத் திரை உண்டு. தேதி காலியாக இருந்தால் அதில் சிவப்பு, லிஃப்ட்டைத் தொடக் கூடாது. தேதி விழுந்தால் பச்சை, சுவிட்சைப் போட்டு ஓட்டலாம். படிக்காதவனுக்கும் புரிகிற ஏற்பாடு.

இன்று விடுமுறை. மத்தியானமே மேகம் கவிந்து, ஜன்னலுக்கு வெளியே பகல் பழைய துணி நிறத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆள் இல்லாத நாற்காலிகள், மூடாத பேனாக்கள், யாரோ பாதி குடித்துவிட்டுப் போன காபியின் புளிச்ச வாடை, அதற்கும் அடியில் இன்னொரு வாடை: கனமாக, கறுப்பாக, தொண்டையில் ஒட்டிக்கொள்கிற இயந்திர எண்ணெய் வாடை. அவன் மேசை லிஃப்ட் ஓடுகிற சுவரை ஒட்டி இருந்தது. அதனால் வருகிற வாடையாக இருக்கும் என்று முதலில் நினைத்தான். பிறகு, பதிவு செய்தவர் யார் என்று பார்த்தான்.

மெக்கானிக் கிரீஸ் அண்ணனின் பணியாளர் எண்.

குறிப்பு என்ற கட்டத்தில் ஒரே வரி. கீழே இருக்கேன்.

கிரீஸ் அண்ணன் செத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது.

எப்படிச் செத்தார் என்பது ஒட்டுவையும் மேனேஜரையும் தவிர வேறு யாருக்கும் சரியாகத் தெரியாது. அன்றைக்கு டேட்டாபேஸ் புதுசு. தேதி காலியாக வந்த பதிவுகளை அது வாங்க மறுத்தது. மெக்கானிக்குகள் எல்லாரும் போனில் பிடித்துக் கத்தினார்கள். காலியை ஏற்றுக்கொள்ளும்படி அந்தக் கட்டத்தைத் திருத்தியிருக்க வேண்டும், அரை நாள் வேலை. நம்ம ஆளுக்கு அரை நாள் ஏது? ஒரே வரியில் ஒட்டுப் போட்டான்: தேதி காலியாக வந்தால், இன்றைய தேதியை நிரப்பிக்கொள். எரர் நின்றது. மேனேஜர் முதுகில் தட்டினார். அதே சாயங்காலம் கிரீஸ் அண்ணன் ஒரு கட்டடத்தில் ஃபார்மை அனுப்பிவிட்டு, தேதியைக் காலியாக விட்டுவிட்டு, லிஃப்ட் குழிக்குள் இறங்கினார். வாட்ச்மேன் திரையில் பச்சை விழுந்தது.

விசாரணையில் பதிவை எடுத்துப் பார்த்தார்கள். தேதி இருந்தது. வேலை முடிந்ததாக இவரே தேதி போட்டுவிட்டு இவரே குழிக்குள் இறங்கியிருக்கிறார், போதையில் இருந்திருப்பார் என்று எழுதி மூடினார்கள். கிரீஸ் அண்ணன் டீயைத் தவிர எதையும் தொட்டதில்லை. அவர் மனைவி மட்டும் விசாரணை நடந்த அறையின் வாசலில் நின்றுகொண்டு, போகிற வருகிறவர்களிடமெல்லாம் ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "வேலை முடியாம அவர் நாள் குறிக்கவே மாட்டாருங்க. முடியாத வேலைக்கு நாள் குறிச்சா அது நமக்கே குறிச்ச மாதிரின்னு சொல்லிட்டே இருப்பாரு." அவனிடமும் வந்து கேட்டாள். "சார், நீங்கதானே இதையெல்லாம் எழுதுறவரு. அது தானா தேதி போட்டிருக்குமா?"

"கம்ப்யூட்டர் தானா எதையும் எழுதாதும்மா," என்றான். சொன்ன அன்றைக்கே அந்த ஒட்டு வரியைத் தடம் தெரியாமல் பிடுங்கிவிட்டு, காலியாக வந்தால் திருப்பி அனுப்பும்படி கட்டத்தை அடைத்தும் வைத்தான். மெக்கானிக்குகள் கத்தினால் கத்தட்டும் என்று, வேலை நடக்கிறது என்பதற்கு வேறொரு பொத்தான் வைத்துக் கொடுத்தான்.

அந்த அடைப்பைத் தாண்டித்தான் இப்போது இது வந்திருக்கிறது.

அழித்தான். வரி போனது. திரையைப் புதுப்பித்தான். மறுபடி இருந்தது. இந்த முறை அதன் கீழே இன்னொன்று. அதே எண், அதே காலித் தேதி. குறிப்பு மட்டும் கொஞ்சம் நீண்டிருந்தது. இன்னும் கீழேதான் இருக்கேன்.

வெற்று எழுத்தா, இடைவெளியா, கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஏதாவதா என்று ஒவ்வொன்றாகச் சோதித்தான். எதுவும் இல்லை. அந்தக் கட்டத்தில் எதுவுமே இல்லை. எதுவுமே இல்லாதது அங்கே எப்படி உட்கார்ந்திருக்கிறது?

மேனேஜர் போனில் வந்தார். "என்னப்பா, பார்த்தியா? ரிப்போர்ட் பக்கமே திறக்க மாட்டேங்குது."

"சார், ஏதோ பழைய எண்ல இருந்து காலித் தேதி வருது. அழிச்சாலும் திரும்பி வருது."

"பழைய எண்ணாவது புது எண்ணாவது. நாளைக்கு அந்தக் கிரீஸ் பொண்டாட்டி போட்ட மனுவுக்காக வெளியாளை அனுப்புறாங்க. அவன் வந்து காலித் தேதியைப் பார்த்தான்னா, காலியா வந்தா என்ன ஆகும்னு முதல் கேள்வியே கேப்பான். அப்புறம் நீயும் நானும் கம்பி எண்ண வேண்டியதுதான்."

"அப்போ என்ன சார் பண்றது?"

"நீதானே ஒட்டு, என்னைக் கேக்குற? பழையபடி எதையாவது போட்டு நிரப்பிட்டுப் போ. வர்றவனுக்குக் காட்ட ஒரு லெட்டரும் எழுதி என் மேசைமேல வச்சிடு. தானா எழுதாதுன்னு ஒரே வரி. கையெழுத்தோட."

போன் வைத்த பிறகு ஆபீஸ் முன்னைவிட அமைதியாக இருந்தது. அந்த அமைதியில்தான் அவனுக்குச் சத்தம் கேட்டது. சுவருக்குள் எங்கோ ரொம்பக் கீழே, இரும்பின் மேல் இரும்பு. டொக். கொஞ்சம் இடைவெளி. டொக். அவசரமில்லாமல், ஆனால் விடாமல், மேலே இருப்பவர்களுக்குத் தான் இருப்பதைத் தெரியப்படுத்துகிற ஒருத்தனின் தட்டல்.

மாடிப்படி வழியாக வாட்ச்மேன் மூச்சு வாங்க ஏறி வந்து கதவில் நின்றார். "சார், நம்ம லிஃப்ட்டுக்கு யாராவது ஆள் அனுப்பிருக்கீங்களா? சிவப்பு காட்டுது. ஆஃப் பண்ணி வச்சிருக்கேன்."

"யாரும் அனுப்பலையே. உள்ளே யாராவது போனாங்களா?"

"நான் பார்த்து ஒரு ஈ காக்கா போகல சார். ஆனா குழிக்குள்ள தட்டுற சத்தம் கேக்குது. எட்டிப் பார்த்துட்டேன், ஆள் இல்ல." அவர் தலையைச் சொறிந்தார். "எலியா இருக்குமோ?"

"எலி எங்கயாவது ஸ்பானர் வச்சுத் தட்டுமா? குழாய் சத்தமா இருக்கும். திரை கோளாறு, இப்ப சரி பண்ணிடுறேன். பச்சை வந்ததும் போட்டு விடுங்க."

"பச்சை வந்தா போட்டுட வேண்டியதுதான். எனக்கென்ன சார், கலர்தானே கணக்கு," என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார். அந்தச் செருப்புச் சத்தம் தேய்ந்து மறையும் வரை அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

திரையைப் புதுப்பித்தான். இப்போது கட்டடம் என்ற இடத்தில் இந்தக் கட்டடத்தின் பெயர்.

மனைவியின் அழைப்பு வந்தபோது தூக்கிவாரிப் போட்டது. அவள் குரலைக் கேட்டதும் உடம்பெல்லாம் ஒரு கணம் லேசானது. சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். விடுமுறையிலும் வேலையா, அந்த ஒட்டு வேலையைக் கொஞ்சம் நம்ம வீட்டுக் குழாயில காட்டுங்களேன், ஒரு மாசமா ஒழுகுது என்றாள். அவன் சிரிக்கப் போனான். அதற்குள் அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஏங்க, அந்தம்மா வந்திருந்தாங்க. கிரீஸ் அண்ணன் வீட்டம்மா. பையனைப் பள்ளிக்கூடத்துல குடிகாரன் பிள்ளைன்னு கேலி பண்றாங்களாம். ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தா போதும்னு அழுதாங்க. எனக்கு என்னமோ போல இருக்குங்க." பிறகு கேட்டாள். "நிஜத்தைச் சொல்லுங்க. அது தானா எழுதியிருக்குமா?"

சுவருக்குள் தட்டல் நின்றது. நின்ற மாதிரி இல்லை, காது கொடுத்துக் கேட்கிற மாதிரி இருந்தது.

இந்த இடத்தில் அவன் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வேறு யாரிடமும் இல்லை, தன் பெண்டாட்டியிடம். நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. வந்ததை விழுங்கினான். அந்தப் படுபாவி விழுங்கினான்.

"எழுதாது," என்றான். "எத்தனை தடவை சொல்றது? தானா எதையும் எழுதாது."

அவள் சரி என்று வைத்துவிட்டாள். டொக், என்றது சுவர். ஒரே ஒரு முறை. மிக அருகில்.

லெட்டரை எழுதிக் கையெழுத்துப் போட்டு மேனேஜர் மேசையில் வைத்தான். பிறகு அடைப்பையும் அதோடு வைத்த பொத்தானையும் எடுத்துவிட்டு, மறந்துபோயிருக்கும் என்று நினைத்த அந்தப் பழைய வரியை மறுபடி எழுதினான். விரல்களுக்கு அது மறக்கவே இல்லை. தேதி காலியாக வந்தால், இன்றைய தேதியை நிரப்பிக்கொள். அஞ்சு நிமிஷம் இருக்கட்டும், இருக்கிற காலியெல்லாம் நிரம்பியதும் எடுத்துவிடலாம். ஓட்டினான். ஒவ்வொரு வரியிலும் தேதி விழுந்தது. இன்று. இன்று. இன்று. திரை சுத்தமாக, ஒழுங்காக, பொய்யே தெரியாமல் பளிச்சென்று இருந்தது. அவன் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினான்.

கரண்ட் போனது.

கம்ப்யூட்டர் அணைந்தது. விளக்குகள் அணைந்தன. மேகம் இன்னும் இறங்கியிருக்க வேண்டும், ஜன்னலில்கூட வெளிச்சம் இல்லை. அவன் மேசையில் உட்கார்ந்திருந்த மாதிரியே உட்கார்ந்திருந்தான். சர்வர் வேறெங்கோ இருந்தது, அது அணையாது. அந்த வரி அங்கே விழித்துக்கொண்டிருக்கும். வீட்டுக்குப் போய் எடுத்துக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, செல்போன் வெளிச்சத்தில் வாசலுக்கு நடந்தான். எண்ணெய் வாடை கூடவே வந்தது.

இந்த ஒரு வருஷமாக அவன் லிஃப்ட்டில் கால் வைத்ததில்லை. கேட்டால் முட்டிக்கு நல்லது என்பான். படி அவனுக்குப் பழக்கம்; கைப்பிடியில் எங்கே பெயிண்ட் உரிந்திருக்கிறது, எந்தத் திருப்பத்தில் சுண்ணாம்பு உதிர்ந்திருக்கிறது என்பதெல்லாம் விரலுக்கே தெரியும். உரிந்த பெயிண்ட்டைத் தாண்டினான். உதிர்ந்த சுண்ணாம்பைத் தாண்டினான். வாட்ச்மேனின் ரேடியோ முணுமுணுக்கிற கீழ்த்தளம் வந்திருக்க வேண்டிய இடத்தில் ரேடியோ அவன் தலைக்கு மேலே முணுமுணுத்தது. படி இன்னும் இறங்கியது. கைப்பிடி வழுவழுத்தது. விரலைப் பார்த்தான். கறுப்பு.

திரும்பி ஏறியிருக்கலாம். பின்னால் யாரோ இறங்கி வருகிற சத்தம் கேட்டது. செருப்பில்லாத, கனமான காலடி. ஒரு காலை இழுத்து வைக்கிற காலடி.

அவன் இறங்கினான். வேகமாக. ஒரு கதவு இருந்தது. தள்ளினான். கால் வைத்த இடத்தில் தரை இல்லை. இடுப்பளவு பள்ளத்தில் போய் விழுந்தான். எண்ணெய்த் தண்ணீர் முகத்தில் தெறித்தது. கதவு தானே சாத்திக்கொண்டது. தடவித் தடவிப் பார்த்தான், அங்கே சுவர்தான் இருந்தது.

செல்போனை மேலே தூக்கினான். இரண்டு பக்கமும் தண்டவாளம். தொங்குகிற கம்பிகள். அவற்றுக்கெல்லாம் மேலே, வெகு உயரத்தில், ஒரு கறுத்த சதுரம்.

லிஃப்ட்டின் அடிப்பக்கம்.

கத்தினான். தொண்டை கிழியக் கத்தினான். குரல் சுவரிலேயே ஒட்டிக்கொண்டது. வாட்ச்மேன் நம்பர் அவனிடம் இல்லை. இத்தனை வருஷமாகத் தினமும் கதவு திறந்துவிடுகிற மனுஷனின் நம்பரை வாங்கிவைக்கத் தோன்றியதே இல்லை. மனைவியைக் கூப்பிட்டான். எடுத்தார்கள்.

"நான் குழிக்குள்ள மாட்டிக்கிட்டேன், சீக்கிரம் யாரையாவது..."

"தானா எதையும் எழுதாது," என்றது போன். அவன் குரலில்.

போன் நழுவியது, பிடித்தான். கையில் கிடைத்த இரும்புத் துண்டால் தண்டவாளத்தில் தட்டினான். டொக். டொக். மேலே ரேடியோ நின்றது. வாட்ச்மேனின் குரல், கிணற்று மேட்டிலிருந்து பேசுவதுபோல, யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது. "அந்தப் பாழாப்போன குழாய் மறுபடி தட்டுது பாரு. கரண்ட் வரட்டும்."

கரண்ட் வந்தால் திரையைப் பார்ப்பார். பச்சை தெரியும். போடுவார்.

ஃபார்ம். ஃபார்ம் இருக்கிறது. அதைத் திறந்தான். திறந்தது. இந்தக் கட்டடம். இந்த லிஃப்ட். தன் பணியாளர் எண். குறிப்பு: கீழே இருக்கேன். தேதியை மட்டும் தொடவில்லை. தேதி விழுந்தால் பச்சை. காலியாக இருந்தால்தான் சிவப்பு. சிவப்பைப் பார்த்தால் ஓட்ட மாட்டார். வாழ்நாளில் முதல் முறையாக ஒரு ஃபார்மை ஒழுங்காக நிரப்பினான். கட்டைவிரலால் அழுத்தினான்.

அழுத்தும்போதே ஞாபகம் வந்தது.

விரலை எடுத்தான். போய்விட்டிருந்தது. பதிவு வந்து உட்கார்ந்தது. அவன் பணியாளர் எண். பக்கத்தில் தேதி. அவன் போடாத தேதி.

இன்று.

அழி. அழியவில்லை. கறுப்பு விரல் கண்ணாடியில் வழுக்கியது. மறுபடி. மறுபடி.

கரண்ட் வந்தது.

குழிக்குள் ஒரு சின்ன பல்பு மஞ்சளாக எரிந்தது. மூலையில் ஒருத்தர் குந்தி உட்கார்ந்திருந்தார். முழங்காலைக் கட்டிக்கொண்டு. கழுத்து இருக்க வேண்டிய உயரத்தில் தோள் இருந்தது. தோள் இருக்க வேண்டிய இடத்தில் எதுவும் சரியாக இல்லை. ஆனால் சட்டைப் பையில் செருகியிருந்த ஸ்பானர் அவனுக்குத் தெரியும். அவர் இருந்தவரை தினமும் பார்த்த ஸ்பானர்.

"அண்ணே," என்றான். "அண்ணே, நான் சொல்லிடுறேன். எல்லார்கிட்டயும் சொல்லிடுறேன். அந்த லெட்டரைக் கிழிச்சிடுறேன்."

"லெட்டர் மேசைமேல இருக்கட்டும் சார்." குரல் மார்பிலிருந்து வந்தது. கரகரப்பாக, பொறுமையாக. "நாளைக்கு வர்றவங்க அதையும் பார்க்கட்டும், உங்க தேதியையும் பார்க்கட்டும். தானா எழுதாதுல்ல? அப்போ இதையும் நீங்களே போட்டதுதான்."

மேலே வாட்ச்மேன் சொன்னார். "பச்சைதான் காட்டுது. உள்ள யாரும் இல்ல."

சுவிட்ச் விழுந்தது.

கம்பிகள் ஒரு முறை அதிர்ந்து இறுகின. கறுத்த சதுரம் மெல்ல, மிக மெல்ல, பெரிதாகத் தொடங்கியது. அவன் தண்டவாளத்தைப் பிடித்து ஏறப் பார்த்தான். எண்ணெய். வழுக்கல். மறுபடி பள்ளம்.

"மேல பார்க்காதீங்க சார். பார்த்தா நேரம் ரொம்ப நீளும்," என்றார் கிரீஸ் அண்ணன். மூலையில் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டார். பிறகு அவன் தோளில் கையை வைத்து, வேலை கற்றுக்கொடுக்கிறவரைப் போலப் பதமாக, கீழே அழுத்தினார்.

தண்ணீரில் விழுந்து கிடந்த செல்போன் திரையில் அவன் பணியாளர் எண்ணும் இன்றைய தேதியும் பச்சையாக ஒளிர்ந்துகொண்டிருந்தன. அந்தப் பச்சை வெளிச்சம் இறங்கி வருகிற இரும்பில் பட்டு, ஒவ்வொரு கணமும் அவன் முகத்துக்கு இன்னும் அருகில் வந்தது.